மூன்று சொல்லாதவர்

டிவியில் நடுவர் உள்ளங்கையால் தரையில் முதல் அறை அறைந்ததும் ராயப்பராஜின் வலது கை தம்பியின் தோளுக்கு அடியில் போய்விடும். இரண்டாவது அறைக்குள் அந்தத் தோள் கட்டிலை விட்டு நாலு விரல் எழும்பியிருக்கும். “எந்திரிச்சுட்டான் பாத்தியா? அம்புட்டுச் சீக்கிரம் விட்ருவானா?” என்பார். எழுந்தது யார் என்று நாம் கேட்கக் கூடாது.

அது மல்யுத்தம். ஒருவனுடைய இரண்டு தோளும் தரையில் பட்டு, நடுவர் மூன்று எண்ணிவிட்டால் அவன் தோற்றான். இரண்டுக்குள் ஒரு தோளைத் தூக்கிவிட்டால் பிழைத்தான். அந்த வீட்டில் இந்த ஒரு விதிதான் வேதம். அமெரிக்காவில் தனியாகக் காசு கட்டிப் பார்க்கிற பெரிய ஷோவெல்லாம் எங்கள் மேட்டுப்பட்டிக்கு இரண்டு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கேபிளில் சாவகாசமாக வந்து சேரும். அன்றைக்கு ராயப்பராஜ் காலைப் பூசை முடிந்து வந்ததும் தம்பி ஆனந்த்ராஜின் உடம்பைத் துடைத்து, பவுடர் போட்டு, தலை சீவிவிடுவார். டிவி உத்தரத்தில் சணல் கயிற்றால் கட்டப்பட்டு, கட்டிலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும். மற்றவர்கள் கழுத்து வலிக்க அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் நானும் நாலு வருடமாக அண்ணாந்திருக்கிறேன்.

ராயப்பராஜ் ஆறடி ஆள். வெங்காயப் பேட்டையில் மூட்டை தூக்குகிறார். பிடரியில் உள்ளங்கை அகலத்துக்குக் காய்த்துப் போயிருக்கும். குளித்தாலும் வெங்காய வாடை போகாது. அதற்குச் சோப்பைத் திட்டுவார். லாரியில் ஏற்றும்போது மூட்டையை எண்ணிக்கொண்டே ஏற்றுவது வழக்கம். இவர் ஒன்று, இரண்டு என்பார், மூன்று வரும் இடத்தில் “ம்” என்பார், நாலில் மறுபடி வாய் திறக்கும். “மூணாவது மூட்டைய முழுங்கிட்டியா அப்பு?” என்று கூட வேலை பார்க்கும் காத்தமுத்து தினமும் கேட்பார். நிலக்கோட்டையிலிருந்து பெண் கொடுக்க வந்தவர்களிடம் இவர் கேட்ட முதல் கேள்வி, “பொண்ணு ரெஸ்லிங் பாக்குமா?” அவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

குடிவந்த புதிதில் நான் ஒரு தப்பு செய்தேன். நாலு எழுத்துப் படித்தவன் என்ற கொழுப்பு. “இதெல்லாம் நெஜமில்ல ராயப்பராஜ். முன்னாடியே பேசி வச்சுக்கிட்டு அடிச்சுக்கிறாங்க” என்றேன். அவர் கோபப்படவில்லை. தம்பி தூங்குகிறானா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“நாங்களும் பேசி வச்சுக்கிட்டுத்தான் சார் செஞ்சோம்” என்றார்.

தொண்ணூற்றேழாம் வருடம். அண்ணனும் தம்பியும் ஒரே மண்டியில் மூட்டை தூக்கினார்கள். சனிக்கிழமை வேலை ஓய்ந்ததும் வெறுஞ்சாக்குக் குவியலின் மேல் இருவரும் மல்யுத்தம் போடுவார்கள்; பேட்டையே கூடி நின்று பார்க்கும். யார் ஜெயிப்பது, எந்த அடிக்கு எப்படி விழுவது என்று காலை டீயிலேயே பேசி முடித்திருப்பார்கள். இருபத்தொரு வயது ஆனந்த்ராஜ்தான் எப்போதும் சாம்பியன். சாக்கை மடித்து இடுப்பில் பெல்ட்டாகக் கட்டியிருப்பான். அன்றைய பேச்சு, அண்ணன் அவனைத் தலைக்கு மேலே தூக்கிச் சாக்கின் மேல் போடுவது, இரண்டு எண்ணியதும் அவன் எழுந்துகொள்வது.

மண்டி சாத்துமுன் இரும்பு எடைக்கற்களை வெறுஞ்சாக்குக்கு அடியில் ஒளித்துவைப்பது பேட்டைப் பழக்கம். வெளியே கிடந்தால் பக்கத்து மண்டிக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அன்று ஒளித்து வைத்தவர் ராயப்பராஜ். அரைமணி நேரம் கழித்துத் தம்பியைத் தூக்கிப் போட்டவரும் அவர்தான். கூட்டம் ஒன்று, இரண்டு என்று எண்ணியது. மூன்றையும் எண்ணிக் கைதட்டியது. ஆனந்த்ராஜ் பிரமாதமாக நடிக்கிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

“வச்சது நான்தான் சார். அரைமணி நேரத்துல எப்பிடி சார் மறக்கும்?” இந்தக் கேள்வியை என்னிடம் எத்தனை முறை கேட்டிருப்பார் என்று தெரியாது.

கழுத்துக்குக் கீழே ஆனந்த்ராஜுக்கு எதுவும் அசையாது. அண்ணனை அவன் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒருமுறையாவது திட்டியிருந்தால் இந்த மனிதர் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

இந்தக் கோடையில் படுக்கைப் புண் ஆழமாகிக் காய்ச்சல் வந்துவிட்டது. பத்து நாளாக ஆனந்த்ராஜ் கஞ்சியைக் கண்டாலே உதட்டை இறுக்கிக்கொள்கிறான். “மருந்து கேக்கணும்னா சாப்பிடணும். அவருக்கே மனசு விட்டுப்போச்சு” என்று டாக்டர் கையை விரித்தார். ராயப்பராஜ் ஒரு வழி கண்டுபிடித்தார்.

“ஏலே, ஞாயித்துக்கிழம சாம்பியன்ஷிப் இருக்கு. சடையன் ஜெயிச்சா ஒரு டம்ளர் கஞ்சி குடிக்கணும். சரியா?”

“சரிண்ணே.”

சடையன் என்பது அண்ணன் தம்பி வைத்த பெயர். நீள முடிக்காரனான அந்தச் சாம்பியன் ஒன்றரை வருடமாக பெல்ட்டை யாருக்கும் விடவில்லை. ராயப்பராஜ் தைரியமாகத்தான் பந்தயம் கட்டினார். எனக்கு மனசு கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கும் பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பார்த்தேன். சடையன் தோற்று இரண்டு வாரமாகியிருந்தது. அதை அவரிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம் வந்தது. சொம்பில் கஞ்சியை ஆற்றி, டம்ளரில் ஊற்றி, கட்டில் ஓரத்து ஸ்டூலில் தயாராக வைத்திருந்தார். சடையன் நாலு முறை விழுந்து நாலு முறையும் தோளைத் தூக்கினான். கட்டிலிலும் நாலு முறை ஒரு தோள் எழுந்தது. ஐந்தாவது முறை விழுந்தவன் அசையவில்லை. நடுவர் தரையில் பாய்ந்தார்.

“இன்னைக்குத் தூக்காதண்ணே” என்றான் ஆனந்த்ராஜ். குரல் மெதுவாகத்தான் வந்தது. “எண்ணட்டும் விடு. ஒனக்கும் கை வலிக்கும்ல?”

ஒன்று. இரண்டு. மூன்று. மணி அடித்தது. புதியவன் பெல்ட்டைத் தூக்கிக்கொண்டு கயிற்றின் மேல் ஏறினான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“ரெண்டுதாம்லே எண்ணிருக்கான்” என்றார் ராயப்பராஜ்.

நிமிர்ந்து பார்த்தேன். தம்பியின் தோள் கட்டிலை விட்டு நாலு விரல் எழும்பியே இருந்தது. அதற்கு அடியில் இருந்த வலது கையை எடுக்காமலே, இடது கையை நீட்டிக் கஞ்சி டம்ளரை எட்டிக்கொண்டிருந்தார்.