சத்தமில்லாப் படமும் பத்துத் துண்டுச் செத்தவீடும்

ஒரு வீட்டின் கலியாணத்தையோ செத்தவீட்டையோ வீடியோவாகக் கடல் தாண்டி அனுப்பிவைப்பது என் தொழிலாக இருந்தது. அது போய்ச் சேரும்வரை திரையை விட்டு எழும்பமாட்டேன். இணையம் வந்த புதிதில் கோப்பாயில் மூன்று கணினியும் ஒரேயொரு தொலைபேசி இணைப்புமாகக் கடை வைத்திருந்தேன். எவ்வளவு போயிருக்கிறது என்று திரையில் காட்டும் அந்தப் பச்சைக் கோடு நகருமா என்று நீங்களும் மூச்சை அடக்கிப் பார்த்திருந்தவர் என்றால், நான் பட்ட பாடு என்னவென்று விளக்கத் தேவையில்லை.

குப்பைக்குள் கலியாணம்

உரும்பிராயிலிருந்து, தோட்டம் செய்யும் கமக்காரர் ஒருவர், தம்பியின் கலியாணப் படத்தைக் கனடாவிலிருக்கும் அக்காவுக்கு அனுப்ப ஒரு சிடி கொண்டுவந்தார். போட்டுப் பார்த்தேன். உள்ளே படம் இல்லை. படம் இருக்கும் இடத்தைக் காட்டும் குறுக்குவழி மட்டும் இருந்தது.

"வீட்டுக் கணினியிலை படம் இருக்குத்தானே அண்ணை?"

"அதை அழிச்சிட்டன் தம்பி. இதுக்குள்ளை ஏத்தியாச்செண்டு நினைச்சன்."

வீடியோக்காரரும் அந்த நாடாவில் வேறு கலியாணம் எடுத்துவிட்டாராம். இரண்டு பேரும் சைக்கிளில் உரும்பிராய்க்குப் போனோம். அழித்த கோப்புகள் போய்க் கிடக்கும் கணினியின் குப்பைத்தொட்டியைத் திறந்தேன். கலியாணம் அங்கே பத்திரமாகக் கிடந்தது. அவர் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "குப்பைக்குள்ளை போட்டதாலை தப்பிச்சுது தம்பி. வெளியிலை வைச்சிருந்தா பிள்ளையள் எப்பவோ அழிச்சிருக்குங்கள்."

உதடு மட்டும் அசைந்தது

மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து எங்கள் பக்கம் குடியிருந்த மேரியக்காவின் கணவர் கட்டார் நாட்டில் வேலை செய்தார். பத்து நாளாக அவரிடமிருந்து அழைப்பில்லை. பிறகு கடை மின்னஞ்சலுக்கு, கைத்தொலைபேசியில் எடுத்த சின்ன வீடியோக் கோப்பு ஒன்று வந்தது. முகம் தெரிந்தது, உதடு அசைந்தது, சத்தம் மட்டும் இல்லை.

"'வரமாட்டன்' எண்டு சொல்லுறார் போலை," என்றார் அக்கா. திரும்ப ஓடவிட்டேன். "'வருத்தம்' எண்டும் சொல்லுறார், என்ன நோயோ." பார்க்கப் பார்க்க அவர் கண்ட சொற்களெல்லாம் எனக்கும் தெரியத் தொடங்கின. அந்த வகைக் கோப்பின் சத்தத்தை வாசிக்கிற மென்பொருளை இறக்க ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. அதற்குள் இரண்டு முறை இணைப்பு அறுந்தது. அக்கா செபமாலையை உருட்டியபடி இருந்தார். கடைசியில் ஒலிபெருக்கியில் கணவரின் குரல் வந்தது: "கேக்குதோ? புதுப் போன். சத்தம் கேக்குதோ?"

அக்கா திரையைப் பார்த்தே பதில் சொன்னார்: "ஓம், இப்பதான் கேக்குது."

பத்துத் துண்டு

நோர்வேயிலிருந்த ஒரு பெண்ணால் தகப்பனின் செத்தவீட்டுக்கு வர முடியவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு முன் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டார். வீட்டார் தந்த செத்தவீட்டு வீடியோவை அப்படியே இழுக்க எங்கள் இணைப்புக்குப் பலமில்லை. சுருக்கி, பத்துத் துண்டாக வெட்டி ஏற்றினேன். ஒரு துண்டு பழுதானாலும் மற்ற ஒன்பதும் திறக்காது. ஒரே இணைப்பில் இணையம் ஓடினால் அவரின் அழைப்பு வராது. அழைப்புக்காக நிறுத்தினால் துண்டு போகாது. ஏழாவது துண்டு மூன்று தரம் பழுதாகி, அந்தியேட்டிக்கு முதல்நாள்தான் போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பிறகுதான் நான் சுருக்கியதை முழுத்திரையில் பார்த்தேன். முகம் முழுக்கச் சதுரக் கட்டங்கள். கண் எது, வாய் எது என்று எனக்கே பிடிபடவில்லை. தொலைபேசி அடித்தது, அந்தப் பெண்தான். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ தங்கச்சி," என்று தொடங்கினேன். அவர் சொன்னார்: "கட்டம் கட்டமாய்த்தான் தெரியுது அண்ணை. எண்டாலும் அந்த மூக்கு அப்பாவின்ரைதான்."

இப்போது எல்லாரும் எல்லாவற்றையும் நொடியில் அனுப்பிவிடுகிறார்கள், ஆனாலும் யாராவது "போயிட்டுது" என்று சொன்னால், "அங்கை திறந்து பாத்தவையோ?" என்று கேட்காமல் எனக்குச் சோறு இறங்குவதில்லை.