சிவந்துபோன வால்வு

பதுளை பஸாரில் ரேடியோ திருத்திவந்த ஜாபிர், கெட்ட பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தே தொழில் கற்றவர். அந்தக் காலத்து ரேடியோவின் கண்ணாடிக் குழலான வால்வுக்குள், சூடேறிய கேத்தோடிலிருந்து இலத்திரன்கள் பிளேட் என்ற தகட்டுக்குப் பாயும். நடுவிலுள்ள கிரிட் என்ற கம்பிவலையில் சற்று மறை, அதாவது நெகட்டிவ், வோல்டேஜ் இருந்தால்தான் அந்த ஓட்டம் கட்டுக்குள் நிற்கும். இது அவருக்குத் தெரியும்.

மடுல்சீமைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வைரவநாதனின் ரேடியோவில் கடைசி வால்வின் பிளேட் தணலாகச் சிவந்து, வால்வு செத்தது. ஜாபிர் புதியது போட்டார். ஒரு பாட்டுக் கேட்டுவிட்டு அனுப்பினார். பெட்டி திரும்பி வந்தது. அடுத்த வால்வுக்கும் அதே கதி. ஜாபிர் போட்ட இரண்டும் புவாத் கடையில் வாங்கியவை. புவாத், ஜாபிரின் தங்கை ஜெனீராவுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை.

புவாத்தின் கடைவாசலில் நின்று ஜாபிர் கத்தினார்.

“பழைய வால்வத் துடைச்சு விக்கிறவனுக்கு எந்தங்கச்சிய எப்படிடா குடுக்கிறது?”

“பெட்டியப் பாருங்க மச்சான். வால்வு தானாச் சிவக்குமா?”

“எனக்கே தொழில் சொல்லித் தாறியா?”

தெருவே புவாத்தைப் பார்த்துச் சிரித்தது. சம்பந்தம் அன்றோடு முறிந்தது. புவாத் பண்டாரவளைக்குப் போய், அங்கேயே கலியாணமும் முடித்தான். ஜெனீராவுக்கு அதன்பின் வந்த இடங்களெல்லாம், முறிந்த காரணத்தைக் கேட்டுவிட்டு நழுவின.

சில வருஷம் கழித்து வைரவநாதன், அன்றிலிருந்து பாடாமல் கிடந்த அதே பெட்டியோடு வந்தார்.

“கொழும்புல வாங்கின வால்வு நானா. இதையும் பழசுன்னு சொல்லிப்புடாதீங்க!”

இம்முறை ஜாபிர் பெட்டியை நன்றாகச் சூடேற விட்டார். கொழும்பு வால்வும் சிவந்தது. அதைக் கழற்றிவிட்டு, வால்வின் கிரிட் கால் பொருந்தும் துளையில் மீட்டர் ஊசியை வைத்தார். இருக்கவே கூடாத நேர் வோல்டேஜ் அங்கே இருந்தது. முந்திய வால்வின் உயர் வோல்டேஜைத் தடுத்து, சத்தத்தை மட்டும் விடவேண்டிய கண்டன்சர், சூட்டில் அந்த வோல்டேஜைக் கசியவிட்டது. கிரிட் கட்டுப்படுத்துவதை விட்டுவிட்டு ஓட்டத்தை இழுத்துவிட்டிருக்கிறது. எந்த வால்வு தாங்கும்?

வீட்டுக்கு வந்து ஜெனீராவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் சோற்றைப் பரிமாறியபடியே கேட்டாள்.

“அன்னைக்கு அந்த ஊசிய வச்சுப் பார்க்க எவ்வளவு நேரம் போயிருக்கும் நானா?”

“ஒரு நிமிஷம்.”

அவள் கறிச்சட்டியை அவர் பக்கம் தள்ளிவைத்துவிட்டு உள்ளே போனாள்.