எண்ணெய் பூசிய தழும்பு

இன்று மாமாவோடு புத்தளம் போய் வந்தேன். அங்கே நடந்ததில் வந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

மாமா யுத்த காலத்தில் ஊர்காவல் படையில் இருந்தவர். ஷெல் துண்டு பட்ட வலது தோளில் பெரிய தழும்பு. தொழுகையில் கைகளைக் காதுவரை உயர்த்தித் தக்பீர் கட்டவே அந்தக் கையை மற்றக் கையால்தான் தூக்கிவிடுகிறார். அரசாங்கத்தின் அங்கவீனக் கொடுப்பனவுக்கு விண்ணப்பித்தபோது மறுத்துவிட்டார்கள். இன்று மேன்முறையீட்டுக்கான மருத்துவப் பரிசோதனை.

பெரிய ஆட்கள் பார்க்கப்போகிறார்களே என்று மாமி காலையிலேயே தழும்பில் கருஞ்சீரக எண்ணெய் தேய்த்து, சட்டையை அயன் பண்ணி அனுப்பியிருந்தார்.

டொக்டர் தழும்பை ஒரு விரலால் தடவினார். "நல்லா ஆறி, மிருதுவா இருக்கு. அங்கவீனம் ஒண்டும் இல்ல" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

"கையத் தூக்கச் சொல்லிப் பாருங்க சேர்" என்றேன்.

"தழும்பக் காட்டத்தானே வந்தீங்க?" என்றார்.

பஸ்ஸில் மாமாவிடம், "அடுத்த முறை எண்ணெய் பூசாமப் போவோம்" என்றேன்.

"அரசாங்க ஆக்களுக்கு முன்னால அசிங்கமாப் போய் நிக்கச் சொல்றியா மகள்?"

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எவ்வளவு அசிங்கமாகப் போய் நின்றால் இவர்கள் நம்புவார்கள்?