இடப்பக்கம் தம்பி

அப்பா வேலை பார்த்த பள்ளிக்கூடம் ஒரு பழைய பியானோவைக் கழித்துக்கட்டியது. அதை அப்பா லாரியில் ஏற்றி வீட்டு முன்னறைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். வந்த அன்றே சண்டை. யார் முதலில் உட்காருவது என்று அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பிறாண்டிக்கொண்டிருக்க, அடுப்படியிலிருந்து வந்த அம்மா இருவரையும் ஒரே பெஞ்சில் அழுத்தி உட்கார வைத்தாள்.

"வலது பாதி உனக்கு, இடது பாதி அவனுக்கு. யாராவது எல்லை தாண்டினீங்க, அப்புறம் நடக்கிறதே வேற."

அப்படித் தொடங்கியதுதான் அவர்களுடைய நான்கு கை வாசிப்பு. இருவர் சேர்ந்து வாசிப்பதற்கென்றே இசை எழுதப்பட்டிருக்கிறது என்பது சொல்லிக்கொடுக்க வந்த டீச்சர் மூலம் பிறகுதான் தெரிந்தது. மெட்டும் மினுக்கும் வலப்பக்கம், அக்காவுக்கு. தாளமும் கனமும் இடப்பக்கம், தம்பிக்கு. போதாக்குறைக்குப் பெடலும் அவன் காலடியில். அவள் விரல் எழுப்பிய ஒலியை எவ்வளவு நேரம் நீட்டுவது, எங்கே வெட்டுவது என்பதெல்லாம் அவன் கால் வைத்த சட்டம். சின்ன வயதில் காய்ச்சலில் முடி கொட்டியதால் அவனுக்கு மொட்டை என்று பெயர். முடி காடாக வளர்ந்த பிறகும் பெயர் போகவில்லை. மேடையில் உட்கார்ந்ததும் "மொட்டை, ரெடியா?" என்று அவள் கிசுகிசுப்பாள். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டுவான்.

அவளுக்குப் பத்தொன்பது வயதானபோது, பெரிய நகரத்துப் போட்டியில் இருவரும் பரிசு வாங்கினார்கள். கச்சேரிகள் ஏற்பாடு செய்கிற ஒருவர் அப்பாவைத் தனியே அழைத்துப் பேசினார். ஜோடி வாசிப்புக்கு டிக்கெட் விற்காது, பெண்ணை மட்டும் அனுப்புங்கள், பெரிய ஆளாக்கிக் காட்டுகிறேன் என்றார்.

அன்று சாப்பிடும்போது அப்பா விஷயத்தைப் போட்டு உடைத்தார். தம்பி அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு, "நான் போறேன்பா" என்றாள்.

"போ. காலை மட்டும் பாத்துக்கோ. உனக்குப் பெடல் வராது" என்றான் தம்பி. சொல்லிவிட்டு இன்னொரு முறை சோறு போட்டுக்கொண்டான்.

அவன் சொன்னது சரிதான். முதல் வருடம் பத்திரிகைகள் எல்லாம் விரல்களைப் புகழ்ந்து, காலைத் திட்டின. அவள் விழுந்து விழுந்து பழகினாள். காலும் பழகியது. பிறகு ஏறுமுகம்தான். விமானம், ஓட்டல், ஒத்திகை, மேடை, மறுபடி விமானம். இடையில் கட்டிக்கொண்ட கணவர், வீட்டில் தனியாக இருக்கக் கல்யாணம் எதற்கு என்று சொல்லி, சண்டை போடாமலே விலகிப் போனார். தம்பி ஊரிலேயே ஒரு நடனப் பள்ளியில் பியானோ வாசிக்கும் வேலையில் சேர்ந்தான். அந்தப் பள்ளியின் டீச்சரையே கட்டிக்கொண்டான்.

போனில் பேசும்போதெல்லாம் அவள், "அடுத்த வருஷம் ரெண்டு பேரும் சேர்ந்து வாசிக்கலாம்டா" என்பாள். அவனும், "சரிக்கா" என்பான். அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு அவனே வாய்விட்டுக் கேட்டான்: "ஒரே ஒரு பாட்டு. வீட்டுலதான். அம்மா ஆசைப்படறாங்க." அவளுக்கு அந்த வாரம் ஒலிப்பதிவு இருந்தது. பூங்கொத்து அனுப்பினாள். அதற்கடுத்த பிறந்தநாளைப் பார்க்க அம்மா இல்லை.

வயது ஏற ஏற அழைப்புகள் குறைந்தன. அறுபதை நெருங்கும்போது ஊருக்கே வந்துவிட்டாள். பெட்டியைக்கூடப் பிரிக்காமல் நடனப் பள்ளிக்குப் போனாள். கூடத்தின் மூலையில், மூடி கீறல் விழுந்த ஒரு பியானோ. தம்பி நகர்ந்து இடம் விட்டான். மனப்பாடமாகத் தெரிந்த பழைய பாட்டைத் தொடங்கினார்கள்.

ஒரு பக்கம்கூடத் தாண்டவில்லை. அவன் கையை எடுத்துவிட்டான்.

"எங்கக்கா ஓடுற?"

"நான் ஓடலையே. நீதான் பின்தங்குற."

"எழுதின வேகத்துலதான் நான் வாசிக்கிறேன். நான் பக்கத்துல இருக்கேன்னே உனக்குத் தெரியல."

மறுபடி தொடங்கினார்கள். மறுபடி அதே கதை. இத்தனை காலமும் மேடையில் வாத்தியக் குழுக்கள்தான் அவள் பின்னால் வந்தன, அவள் யாருக்காகவும் நின்றதில்லை. அதற்குள் வகுப்புக்குப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அவள் சுவரோரம் போய் உட்கார்ந்தாள். தம்பி கட்டைகளைப் பார்க்கவே இல்லை. பிள்ளைகளின் கால்களைப் பார்த்து வாசித்தான். கடைசி வரிசையில் ஒரு பொடிசு குதித்துவிட்டுத் தரைக்கு வர ஒவ்வொரு முறையும் தாமதமானது. அந்தக் கால் தரையைத் தொடும்வரை அவன் கை காத்திருந்து பிறகு இறங்கியது.

அதன்பின் வகுப்பில்லாத நாட்களில் இருவரும் உட்கார்ந்து பழகினார்கள். சில நாள் சேர்ந்தது, பல நாள் சேரவில்லை. இதை எப்படியோ கேள்விப்பட்டு, நகரத்து அரங்கத்திலிருந்து இருவரையும் அழைத்தார்கள். அவள் குழந்தை மாதிரி ஓடிவந்து சொன்னாள்.

தம்பி கொஞ்ச நேரம் பியானோ மூடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வேணாம்க்கா. இப்ப மேடை ஏறினா உன் தம்பிங்கிறதுக்காகக் கை தட்டுவாங்க. அப்ப ஏறியிருந்தா நம்ம ரெண்டு பேருக்கும் தட்டியிருப்பாங்க."

"கோவமாடா?"

"கோவமெல்லாம் எப்பவோ போயிடுச்சு. ஆசையும் அதோடயே போயிடுச்சு. அதான் விஷயம்."

மறுநாள் அவள் அரங்கத்துக்குப் போன் செய்து முடியாது என்றாள். அங்கே பேசிய பெண் விடவில்லை. "தேதிதான் பிரச்சனைன்னா மாத்திக்கலாம் மேடம். சார்கிட்ட நாங்களே வந்து கேட்கட்டுமா?"

"வேணாம்மா. நான்தான் கேட்டிருக்கணும். நாப்பது வருஷத்துக்கு முன்னாடி, சாப்பிட்டுக்கிட்டு இருந்தப்ப."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டாள்.