பிரிட்ஜ்காரர் பிடித்த விண்முகில்

தெருவிளக்குகள் எரியத் தொடங்கும் நேரத்தில் அவர் மொட்டைமாடிக் கம்பியில் கறுப்புப் போர்வையைக் கட்டிக்கொண்டிருப்பார். தொலைநோக்கியின் மேல் வெளிச்சம் விழக் கூடாது. கட்டி முடித்ததும் எதிர்வீட்டு மாடிக்குக் குரல் கொடுப்பார். “தம்பி, அந்த பல்பைக் கொஞ்சம் அணைச்சிடுப்பா. உனக்குப் புண்ணியமாப் போகும்.” எதிர்வீட்டுக்காரர் அணைப்பார்; ஆனால் சும்மா அணைக்கமாட்டார். “என்ன அண்ணே, இன்னிக்காவது மாட்டுமா?” என்று ஒரு கொக்கி போட்டுவிட்டுத்தான் கீழே இறங்குவார்.

பகலில் அவர் பிரிட்ஜ் மெக்கானிக். ‘கூலிங்’ என்று சொன்னால்தான் தெருவில் ஆளைத் தெரியும். தொழில் புத்தி மாடியிலும் விடவில்லை. யாரோ கழித்துப் போட்ட, தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரத்திலிருந்து குளிர்த்தகட்டைக் கழற்றிக் கேமராவின் முதுகில் பொருத்தியிருக்கிறார். எதற்கு என்று கேட்டால், “சூடேறினா கேமராவும் மனுஷன் மாதிரிதான். இல்லாததெல்லாம் இருக்குன்னு சொல்லும்” என்பார்.

அவர் பிடிக்கப் பார்ப்பது ஒரு நெபுலாவை. வேட்டைக்காரன் என்ற விண்மீன் கூட்டத்தின் இடுப்பு வாருக்குக் கீழே, வாள் தொங்கும் இடத்தில் இருக்கும் பெரிய விண்முகில் அது. ஒரே சொடுக்கில் அகப்படாது. நூற்றுக்கணக்கில் படம் எடுத்து, கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் நிறம் மேலெழும். குறுக்கே விமானம் போனால் அந்தப் படம் குப்பைக்குத்தான். ஒருமுறை தொலைநோக்கியின் மூடியைக் கழற்ற மறந்து மாலை முழுக்க எடுத்துத் தள்ளினார். வேறொருவராயிருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். ஆனால் மூடி போட்டு எடுத்த இருட்டுப் படங்களும் இந்த வேலைக்கு வேண்டும். கேமரா தானாகப் போடும் புள்ளிகளை அவற்றை வைத்துத்தான் கழிப்பார்கள். “வருஷத்துக்கு வேண்டிய இருட்டை ஒரே நாள்ல எடுத்துட்டேன்” என்று தெருவெல்லாம் அவரே சொல்லிச் சிரித்தார்.

கல்யாணமான புதிதில் கேமரா கிடையாது. கையால் செய்த தொலைநோக்கியும் மனைவியும்தான் துணை. அந்த அம்மாளுக்கு அப்போது கழுகுக் கண். இவர் குழாயைத் திருப்பத் தெரியாமல் திணறும்போது பக்கத்தில் நின்று வழி சொல்வார். “இன்னும் கொஞ்சம் மேல... போதும்... ஐயோ, தாண்டிட்டீங்க.” ஒரே போர்வையைச் சுற்றிக்கொண்டு, மாறி மாறி ஒற்றைக் கண்ணால் பார்த்த அந்தக் குளிர்கால மாலைகளை அவர் இன்றும் மறக்கவில்லை. தெரிந்ததென்னவோ ஒரு சாம்பல் புகைதான். “இதுக்குக் கலரே இல்லையாங்க?” என்று மனைவி கேட்டார். “இருக்கும்மா, நம்ம கண்ணுக்கு எட்டாது. ஒருநாள் படம் எடுத்துக் காட்டறேன்.”

பிறகு பிழைப்பு வந்தது, பிள்ளைகள் வந்தார்கள், சொன்ன வாக்கு காற்றோடு போயிற்று. இப்போது மனைவியின் இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. இந்தக் குளிர்காலத்தில் தெரிவது அடுத்த குளிர்காலத்தில் தெரியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று மருத்துவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அன்று பிடித்த ஓட்டம்தான் இது. வானம் மூடினால் மனிதர் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். “அது எங்கயும் ஓடிப்போகாதுங்க, அங்கயேதான் இருக்கும்” என்று மனைவிதான் தேற்றுவார்.

“அது இருக்கும்மா” என்பார் அவர்.

போன வாரம் படம் முடிந்தது. மேசை அகலத்துக்கு அச்சடித்து வாங்கிவந்து ஜன்னலோரம் விரித்தார். சுற்றிலும் கருவானம், ஒரு பக்கமாக ரோஜாச் சிவப்பில் விரிந்த முகில், அதன் நடுவில் பால்வெள்ளை. மனைவி தலையைச் சாய்த்து, கடைக்கண்ணால் நெடுநேரம் பார்த்தார்.

“சிவப்பாங்க? இத்தனை நாளா இவ்வளவு சிவப்பாவா இருந்துச்சு?”

“ஆமாம்மா.”

“நாம பார்த்த எடம் இதானே?” என்று கேட்டுக்கொண்டே மனைவி விரலை நீட்டினார். அது முகிலுக்கு வெகுதூரம் தள்ளி, வெறும் கறுப்பை நோக்கி இறங்கியது.

அவர் அந்தக் கையைத் தொடவில்லை. விரல் தாளில் படுமுன், படத்தின் ஓரத்தைப் பிடித்து ஓசையில்லாமல் இழுத்து, அந்த வெள்ளையை விரலுக்கு அடியில் கொண்டுவந்து வைத்தார்.