பத்தாயத்தின் மேல் ஒரு பட்டறை

கீரனூருக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் எங்கள் அப்பா வாத்தியார். வீட்டுக்கு வந்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம், ஏதோ ஒரு பத்திரிகையில் படத்தைப் பார்த்துவிட்டு, மின்சாரமே இல்லாமல் பாடும் ரேடியோ ஒன்றைத் தானே செய்துவிடுவது என்று கிளம்பினார். அதற்கு மேசை வேண்டும். எங்கள் வீட்டில் மேசை கிடையாது. கூடத்தில் இடுப்பு உயரத்துக்கு நெல் பத்தாயம் இருந்தது. அதன் மூடிமேல் சாக்கை விரித்தார், பட்டறை தயார்.

பத்தாயத்துக்கு வாய் மேல்பக்கம்தான் இருக்கிறது என்பதை அவர் யோசிக்கவில்லை. நெல் எடுக்கும் நாளெல்லாம் குறடு, அரம், கம்பிச் சுருள், ஆணி டப்பா எல்லாவற்றையும் கீழே இறக்கவேண்டும். திரும்ப ஏற்றும்போது பாதி காணாமல் போயிருக்கும். கொஞ்ச நாளில் அம்மா பதினைந்து நாளுக்கான நெல்லை ஒரேயடியாக எடுத்து அடுக்களையில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். அங்கே எலி வந்ததற்கு அவளைத்தான் எல்லாரும் குறை சொன்னார்கள்.

எனக்கோ அந்தச் சாக்கு விரிப்பை விட்டு நகர மனம் வராது. மூங்கில் குழாயில் செம்புக் கம்பியை இடைவெளி இல்லாமல் ஏன் சுற்றவேண்டும்? கிணற்றடி ஈரத்தில் புதைத்த தகட்டுக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? தென்னை மரத்தில் கட்டிய கம்பி வழியாகத் திருச்சியிலிருந்து பாட்டு வரும் என்றார். அதன்மேல் குருவி உட்கார்ந்தால் பாட்டு நசுங்கிப்போகாதா என்று கேட்டேன். அப்பா சிரிக்கவில்லை, நிஜமாகவே யோசித்தார். அதற்காகவே அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பெரியப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. நிலபுலன் பார்ப்பவர், வீட்டுக்கு மூத்தவர். அப்பா கரியடுப்பில் கோலைக் காய்ச்சி ஈயம் பற்றவைக்கும்போதெல்லாம், நெல்லுக்கு மேல் நெருப்பை வைத்து விளையாடுகிறான் என்று முணுமுணுப்பார். தை அறுப்பு நெல் வந்து சேர்வதற்குள் ரேடியோப் பெட்டி வாய் திறக்காவிட்டால் எல்லாவற்றையும் மூட்டை கட்டி ஈயம் பூசுகிறவனிடம் போட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அதுவரை அப்பா காதில் விழுந்ததெல்லாம் ஒரே ஒரு நாள் கேட்ட கரகரப்பு.

அறுப்புக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பெட்டிக்குப் பரீட்சை. அன்று காலையில் அப்பா குளிக்கப் போயிருந்தார். திருச்சியில் பழைய சாமான் கடையில் வாங்கிய ஒற்றை ஹெட்போனுக்குள் காந்தம் இருப்பதாக அவர் சொல்லியிருந்தார். அதில் ஊசி ஒட்டுமா என்று பார்க்க எனக்கு ஆசை. எடுத்த வேகத்தில் பற்றவைத்த இடத்தில் கம்பி விட்டுவிட்டது. ஒட்டியிருப்பதுபோல் தெரியும்படி மடக்கி வைத்துவிட்டு ஓடிப்போனேன்.

பிறகு அப்பா ஹெட்போனைக் காதில் வைத்து, பாட்டைப் பிடித்துக் கொடுக்கும் என்று அவர் சொன்ன சின்னக் கல்லின்மேல் கம்பி முனையை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். நெற்றியெல்லாம் வேர்வை. பெரியப்பா வாங்கி வைத்துப் பார்த்தார்.

“ஒண்ணும் கேக்கலயேடா.”

உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தேன். பெரியப்பாவின் முகத்தைப் பார்த்ததும் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அப்போது அடுக்களை வாசலிலிருந்து அம்மா என்னைக் கூப்பிட்டு, தானும் ஒரு தடவை கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லச் சொன்னாள். எங்கள் வீட்டில் தம்பி மனைவி மூத்தாரிடம் நேருக்கு நேர் பேசும் வழக்கமில்லை. பெரியப்பா முற்றத்துப் பக்கம் நகர்ந்து முதுகைக் காட்டி நின்றுகொண்டார். அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஹெட்போனைக் காதில் வைத்தாள். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாள்.

“நாயனச் சத்தம் கேக்குதுன்னு ஒங்க பெரியப்பாகிட்டச் சொல்லு.”

கம்பி விட்டுப்போனது தெரிந்த ஒரே ஆள் நான். அந்தச் செய்தியைக் கொண்டுபோக வேண்டியவளும் நான். போய்ச் சொன்னேன்.

“என்ன ராகம்னு கேளு ஆத்தா” என்றார் பெரியப்பா, திரும்பாமலே.

“ராகமெல்லாம் எனக்கென்ன தெரியும்? கேக்க நல்லாருக்குன்னு சொல்லு.”

அதையும் சொன்னேன். அதற்குமேல் அவர் என்ன செய்வார்? பேசக்கூடாதவளிடம் சண்டைக்குப் போகமுடியுமா? களம் கூட்டின தூசியில் தன் காது அடைத்திருக்கும் என்று சொல்லித் துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்த வருஷத்துப் புது நெல் கூடத்து மூலையில் மூட்டையாகவே கிடந்தது.

சாயங்காலம் அப்பா விட்டுப்போன கம்பியைக் கண்டுபிடித்தார். என்னைப் பார்த்தார், அடுக்களைப் பக்கம் பார்த்தார், அடுப்பை மூட்டிக் கோலைக் காய்ச்சினார்.

நாலாம் நாள் பெட்டி நிஜமாகவே பேசியது. யாரோ ஒருவர் நிலக்கடலைக்கு உரம் போடுவது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்டேன். பெரியப்பாவும் கேட்டார், கேட்டவர் ஹெட்போனைத் திருப்பித் தரவே மனமில்லாமல் நின்றார். கடைசியில் அப்பா அதை வாங்கி வைத்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“நாந்தான் அன்னைக்கே கேட்டுட்டேனே” என்றாள், தலை நிமிராமல்.

அப்பா ஹெட்போனைக் கையில் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அம்மாவை நினைத்துப் பாவமாக இருந்தது. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அது வெளிப்பட்டுவிடும் என்ற பயத்தில், இப்படி ஒரு அதிசயத்தைக் கேட்காமல் விட்டுவிட்டாளே என்று நினைத்தேன். நான்தான் கம்பியை இழுத்தேன் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் அவளும் பயமில்லாமல் வந்து கேட்டிருப்பாள் என்று வெகு நாள் என்னையே நொந்துகொண்டேன்.