கட்டிலடியில் ஒரு ஸ்டீயரிங்

டவுனில் சலூன் வைத்திருப்பவர்தான், ஆனால் பூட்டுக்காரர் என்றால்தான் அவரை யாருக்கும் தெரியும். அவருடைய டிராக்டர் ஆளில்லாத வயக்காட்டுக் கொட்டகையில் நிற்கிறது. திருட்டுப் பயத்தில் கதவுக்குப் பெரிய பூட்டு, சக்கரத்துக்குச் சங்கிலி. அதுவும் போதாதென்று ஸ்டீயரிங்கைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலடியில் வைத்துக்கொள்வார்.

"என்னை என்னைக்காவது இப்படிப் பத்திரமா பாத்திருக்கீங்களா?" என்பாள் பெண்டாட்டி.

"உன்னை எவன்டி தூக்கிட்டுப் போவான்?"

இன்சூரன்ஸ்காரர் நேரில் பார்த்துத் திருப்திப்பட்டால்தான் பாலிசி கிடைக்கும். ஒருநாள் அவரும் வந்தார். பூட்டையும் சங்கிலியையும் இழுத்துப் பார்த்தார். "எல்லாம் சரி. வண்டி ஓடுதான்னு பாக்கணும், வெளியே எடுங்க" என்றார்.

பூட்டுக்காரர் ஜம்மென்று ஏறி உட்கார்ந்து கையை நீட்டினார். பிடிக்க ஒன்றுமில்லை! பாலிசி போச்சே என்று முகம் செத்துவிட்டது.

"சார்... ஸ்டீயரிங் வீட்டுல, கட்டிலடியில இருக்கு."

இன்சூரன்ஸ்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "சொந்தக்காரருக்கே இந்தக் கதின்னா, திருடன் எங்கேய்யா ஓட்டப்போறான்! வாங்க, வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வருவோம்."

ஸ்டீயரிங் வந்தது, வண்டி ஓடியது, பாலிசியும் கிடைத்தது. அன்று ராத்திரி பெண்டாட்டி தானாகவே ஸ்டீயரிங்குக்கு ஒரு தலையணை போட்டாள்.